மாற்றியமைக்கப்பட்ட ஹேட்ச்பேக்கை வீட்டிலேயே மீளக் கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பு வேறொருவர் கைவைத்து மாற்றியமைத்த ஹேட்ச்பேக் கார் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே பிரித்துக் கட்டிச் சீராக்க முனைவோர் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. இங்குள்ள அளவுகள் பொதுவானவை. உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் வேறு அளவைக் கூறினால் அதையே பின்பற்றுங்கள்.

முந்தைய உரிமையாளர் என்னென்னவோ மாற்றி வைத்திருக்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

காரில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள். என்ஜின் எண், இன்ஜெக்டரின் மேலுள்ள குறியீடு, ஸ்பிரிங்கில் அச்சிட்ட எண், வீலின் உட்புறம் பொறித்துள்ள அகலமும் ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அதைப் பூட்டும் முகம் விலகியுள்ள அளவு), என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வில் இருப்பது தொழிற்சாலை மென்பொருளா மாற்றியதா என்பது ஆகிய அனைத்தையும் படமெடுத்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றியமைத்த காரை வாங்குபவர் இன்னொருவருடைய முடிவுகளையும் சேர்த்தே வாங்குகிறார். அவற்றுள் நன்கு யோசித்துச் செய்தவையும் இருக்கும், அரைகுறையாக விட்டவையும் இருக்கும்.

அடுத்து, இன்னதென்று உறுதியாக அறிய முடியாத மாற்றம் எதுவாயினும் அதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். புதிய பாகங்கள் வாங்கும் ஆவலில் இருப்பவருக்கு இது பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றும். ஆனால் அளவு தெரியாத இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்), யார் எழுதியதென்று தெரியாத மேப் (பெட்ரோல், இக்னிஷன் அளவுகளை ஈ.சி.யு.வுக்குச் சொல்லும் அட்டவணை), அழுத்தத்தை மாற்றி வைத்த ஃப்யூவல் ரெகுலேட்டர் ஆகிய மூன்றும் ஒரே காரில் இருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று மறைத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எதைச் சரிசெய்தாலும் வேறொன்று கெடும். ஆரோக்கியமான, அளவுகள் தெரிந்த ஒரு நிலைக்குக் காரைக் கொண்டுவந்த பிறகு செய்யும் மாற்றத்தின் விளைவை மட்டுமே உங்களால் நம்ப முடியும். கீழே வரும் பதில்கள் பலவும் இதையே அடிப்படையாகக் கொண்டவை.

வீட்டில் வேலை செய்ய எந்தெந்தக் கருவிகள் கட்டாயம் வேண்டும்?

தரமான சாக்கெட் செட், சிறிய போல்ட்டுகளுக்கு ஒன்றும் பெரியவற்றுக்கு ஒன்றுமாக இரண்டு டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பேனர்), நான்கு ஜாக் ஸ்டாண்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கம்ப்ரெஷன் கேஜ், மல்டிமீட்டர், ஓடும்போதே தரவைப் பதிவு செய்யக்கூடிய ஓ.பி.டி. ஸ்கேனர் ஆகியவை போதும். என்ஜினைத் தூக்கும் கிரேனையும் ஸ்பிரிங் கம்ப்ரஸரையும் வாடகைக்கு எடுக்கலாம். மலிவான கருவிகளில் நான் ஒருபோதும் பரிந்துரைக்காதது டார்க் ரெஞ்ச். தவறான அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாததைவிடத் தீயது, ஏனெனில் அதை நம்பித் தொடர்ந்து முறுக்குவோம்.

ஐந்து நிமிட வேலைக்கும் ஜாக் ஸ்டாண்டு வைக்க வேண்டுமா?

வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கின் சீல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விட்டுக்கொடுக்கும். கெட்டியான சமதளத்தில், காரின் அடிச்சட்டத்தில் அதற்கென்று வலுவூட்டிய இடங்களில் ஸ்டாண்டை வைத்து, காரை இரு கைகளாலும் அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் செல்லுங்கள்.

இதனோடு வேறு நான்கு எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமுக்கிய நிலையிலுள்ள காயில் ஸ்பிரிங் விடுபட்டால் உயிரைப் பறிக்கும். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியைத் துண்டித்து, மேனுவல் கூறும் நேரம் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் குழாயைப் பிரிப்பதற்கு முன் அதிலுள்ள அழுத்தத்தை நீக்க வேண்டும். நேரடி இன்ஜெக்ஷன் என்ஜின்களில் இந்த அழுத்தம் 100 பாருக்கும் மேல் இருக்கும். மூடிய அறையில் என்ஜினை ஓட விடக்கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

என்ஜினைப் பிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

பிரிக்காமலேயே அதை அளந்தறிய முடியும். என்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (உள்ளே அழுந்தும் காற்றின் அழுத்தம்) குறித்துக்கொள்ளுங்கள். மொத்த அளவு எவ்வளவு என்பதைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே அதிகம் பேசும்; அது 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு.

இன்னும் உறுதி வேண்டுமெனில், பிஸ்டனை மேல்முனையில் நிறுத்திச் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி அது எங்கே தப்புகிறது என்று கேளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இந்தச் சோதனைகளில் நன்றாகத் தேறி, ஆயில் அழுத்தமும் சரியாக இருக்கும் என்ஜினைப் பிரிக்காதீர்கள். நன்றாக ஓடும் என்ஜினை அழகுக்காகப் பிரித்துப் போட்டு, வேலை பாதியில் நிற்கும் கார்கள் மிகப் பல.

பிரித்துவிட்டேன். எதையெல்லாம் நானே அளக்கலாம், எதை லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்?

ரிங்கின் வாய் இடைவெளி, பேரிங் இடைவெளி, ஹெட்டின் சமதளம் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே அளக்கலாம். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து வாய்ப்பகுதியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். டர்போ இல்லாத, சாலையில் ஓடும் என்ஜினுக்குச் சிலிண்டர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பழைய கணக்கு. 75 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.30 மில்லிமீட்டர் வரும். இடைவெளி சற்றுக் கூடினால் இழப்பு சிறிது. குறைந்தால், வெப்பத்தில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும்.

பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய இழையை வைத்து முறுக்கிப் பிரித்து, அது நசுங்கிய அகலத்தைக் கொண்டு அறியலாம். கிராங்க் கழுத்தின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான அளவு. ஹெட்டின் மீது துல்லியமான எஃகு ஸ்கேலைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டமும் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிட்டு, பட்டறையில் மட்டம் செய்ய வேண்டுமா என்று முடிவெடுக்கலாம். சிலிண்டரைப் போரிங் செய்வது, கிராங்க் கிரைண்டிங், வால்வ் இருக்கை வெட்டுவது ஆகியவை பட்டறை வேலைகள். ஹெட் போல்ட்டுகளை முதலில் குறிப்பிட்ட டார்க்கிலும் பின்பு கோண அளவிலும் முறுக்கச் சொல்லியிருந்தால் அவை பெரும்பாலும் இழுபட்டு நீளும் வகையைச் சேர்ந்தவை. மேனுவல் வெளிப்படையாக அனுமதித்தாலன்றிப் பழையவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

டைமிங் பெல்ட் மாட்டியாயிற்று. உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றை முடிக்கும். அப்போது எல்லா அடையாளங்களும் மீண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இடையில் எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிஸ்டனும் வால்வும் மோதும் அமைப்புள்ள என்ஜினில், கையால் சுழற்றும்போது அந்தத் தடையை உணரலாம், ஸ்டார்ட்டர் வால்வை வளைத்துவிடும். அதன்பின் பொறியையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆயில் அழுத்தம் ஏறும்வரை சிறிது சிறிதாகச் சுழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

புதிதாகக் கட்டிய என்ஜினை ஆயிரம் கிலோமீட்டர் வரை மெதுவாகவே ஓட்ட வேண்டுமா?

மெதுவாக மட்டுமே ஓட்டுவது ரிங்குகளுக்கு நல்லதன்று. ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துவது அதன் பின்னால் புகும் எரியும் வாயுவின் அழுத்தம். சுமை இல்லாமல் ஓடும் என்ஜினில் அந்த அழுத்தம் போதாமல், சுவரில் கண்ணாடிபோல் வழுவழுப்பான படலம் படிந்துவிடக்கூடும். என்ஜின் சூடான பிறகு, நடுத்தர ஆர்.பி.எம்.மில் பாதி முதல் முக்கால் ஆக்சிலரேட்டர் வரை கொடுத்து, பின்பு முழுவதும் விட்டு கியரிலேயே வேகம் குறைய விடுவதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நீண்ட நேரம் ஐடிலில் விடுவதையும், ஒரே வேகத்தில் நெடுந்தொலைவு செல்வதையும், உச்ச ஆர்.பி.எம்.மையும் தவிருங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

சில நாள் ஸ்டார்ட் ஆகிறது, சில நாள் ஆவதில்லை. எந்த சென்சாரை மாற்றுவது?

எதையும் மாற்றுவதற்கு முன் வயரிங்கைப் பாருங்கள். மாற்றியமைத்த கார்களில் வந்துபோகும் கோளாறுகள் பெரும்பாலும் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளிலும், பெயின்ட்டின் மேலேயே பூட்டிய எர்த் வயர்களிலும்தான் இருக்கின்றன. ஸ்டார்ட்டர் சுழலும்போது, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்து அளங்கள்; அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சென்சார்களின் எர்த்தில் 0.1 வோல்ட் இழப்பே அதிகம். எல்லாம் அணைத்து, கார் உறக்க நிலைக்குப் போன பின்னரும் பேட்டரியிலிருந்து 50 மில்லிஆம்பியருக்கு மேல் சென்றுகொண்டிருந்தால், பிற்காலத்தில் மாட்டிய ஆடியோவையும் அலாரத்தையும் முதலில் சந்தேகியுங்கள்.

காரைத் தாழ்த்தினால் வளைவில் நன்றாகப் பிடிக்குமா?

ஓரளவு தாழ்த்தினால் பிடிக்கும். அதற்கு மேல் போனால் கெடும். ஹேட்ச்பேக்குகள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் இருக்கிறது. காரைத் தாழ்த்தும்போது கீழ் ஆர்ம், வெளிமுனை மேலே ஏறியபடி சாய்கிறது. அப்போது காரின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட வேகமாக, கார் சாயும் அச்சான ரோல் சென்டர் இறங்கிவிடுவதால், தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாய முற்படும். ஸ்டீயரிங் ராடின் கோணம் மாறுவதால் மேடு பள்ளத்தில் டோ (வீல்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தானாக மாறி, கார் அங்குமிங்கும் இழுக்கும். ஷாக் அப்சார்பரின் மீதிப் பயணம் குறைந்து, பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பு ரப்பரின் மீதே கார் நிற்கத் தொடங்கினால், வளைவின் நடுவில் பிடிப்பு திடீரென்று அறுந்துபோகும்.

ஆகவே, தாழ்த்திய பின் கீழ் ஆர்ம் ஏறத்தாழக் கிடைமட்டத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள். சாலையில் ஓடும் பல கார்களுக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் என்பதே நியாயமான எல்லை. உயரத்தை எப்போதும் வீலின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் கணக்கில் புகுந்துவிடும்.

இன்னொன்று: சஸ்பென்ஷன் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டைக் கார் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். உட்குழாயோடு ஒட்டிய ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் அசைகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதுமே அது முறுகி நின்று விரைவில் கிழியும். காரை வீலில் நிறுத்திய உயரத்தில் இறுக்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ் தன் குழாயின் மேல் சுழல்வதால் இந்தக் கட்டுப்பாடு அதற்கில்லை. அதற்குரிய கிரீஸ் மட்டும் கட்டாயம்.

14 அங்குல வீலுக்குப் பதில் 15 போடலாமா?

வெளிவிட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 175/65 ஆர்14 டயரின் விட்டம் 583 மில்லிமீட்டர். 195/50 ஆர்15 டயருடையது 576. வேறுபாடு 1.2 விழுக்காடு மட்டுமே என்பதால் ஸ்பீடோமீட்டரும் கியர் விகிதமும் பெரிதாக மாறா. விட்டத்தைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியவை ஆஃப்செட்டும் நடுத்துளையும். ஆஃப்செட் பெரிதும் மாறினால் ஸ்டீயரிங் கனக்கும், வீல் பேரிங் விரைவில் தேயும். நடுத்துளை பெரிதாக இருந்தால் ஹப்புக்குப் பொருந்தும் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

வளைவில் கார் நேராகவே தள்ளிக்கொண்டு போகிறது. பின்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார் (சாய்வைக் குறைக்கும் கம்பி) போட்டால் சரியாகுமா?

குறையும், ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டியது. முதலில் டயரின் அழுத்தம், அடுத்து வீல் அலைன்மென்ட், அதன்பின் முன்பக்க கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கையில் வீல் சாய்ந்திருக்கும் கோணம்). அலைன்மென்ட்டை வீட்டிலேயே நூல் கட்டிப் பார்க்கலாம். காரின் இரு பக்கமும் இரண்டு நூல்களை, ஒன்றுக்கொன்று இணையாகவும் ஹப் மையங்களிலிருந்து இருபுறமும் சம தூரத்திலும் கட்டி, ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்று அளங்கள். முன் அச்சின் அகலமும் பின் அச்சின் அகலமும் ஒன்றாக இராது என்பதால் டயரை ஒட்டி நூல் கட்டக் கூடாது. 15 அங்குல ரிம்மில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ 0.15 பாகை.

பின்பக்கம் விறைப்பைக் கூட்டும்போது, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டால் பின்புறம் வழுக்கும் இயல்பும் கூடும். பெஷோ 205 ஜி.டி.ஐ. இந்த இயல்புக்குப் பெயர்பெற்றது. பழகிய ஓட்டுநர்கள் அதை விரும்பினார்கள், பழகாதவர்கள் சாலையை விட்டு வெளியேறினார்கள். குடும்பத்தில் வேறொருவரும் ஓட்டும் காரென்றால் முன்பக்கம் சற்றே தள்ளும் நிலையில் விட்டுவிடுவதே சரி.

பெரிய டிஸ்க் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

இப்போதுள்ள பிரேக்காலேயே வீலைப் பூட்டவோ ஏ.பி.எஸ்.ஸை இயக்கவோ முடிகிறது என்றால், நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயரின் பிடிப்பு. பெரிய டிஸ்க் வெப்பத்தைத் தாங்கும். மலைப்பாதையில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது அதன் பயன் தெரியும். முதலில் நல்ல டயர், நல்ல பேட், புதிய பிரேக் ஆயில். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் அதற்கான எல்லை 155 மட்டுமே. முன்பக்கம் பெரிய காலிப்பர் மாட்டினால் பெடலின் பயணமும் முன்-பின் விகிதமும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் மாற்றினேன். சத்தம் கூடியது, பிக்அப் கூடியதாகத் தெரியவில்லை. ஏன்?

பானட்டுக்குள் திறந்தபடி நிற்கும் ஃபில்டர், என்ஜினின் சூடான காற்றையே உறிஞ்சுகிறது. சூடான காற்றின் அடர்த்தி குறைவு. மேலும், காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் குழாய் விட்டம் மாறியிருந்தால், ஈ.சி.யு. பெறும் கணக்கே தவறாகிவிடும். குளிர்ந்த காற்று கிடைக்கும் இடத்திலிருந்து எடுக்கும் தொழிற்சாலைப் பெட்டியைத் திரும்ப மாட்டி, ஒரே கியரில் குறிப்பிட்ட இரு ஆர்.பி.எம்.களுக்கு இடையில் ஆகும் நேரத்தைப் பதிவு செய்து, முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். காதின் கணிப்பைவிட அந்தப் பதிவு நம்பத்தக்கது.

திறனைக் கூட்டுவது கடினமாக இருக்கும்போது எடையைக் குறைப்பதைக் கருதுங்கள். 1976இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1.6 லிட்டர் என்ஜினில் 110 குதிரைத்திறன்தான் தந்தது. ஆனால் கார் 800 கிலோவைச் சற்றே தாண்டிய எடையில் இருந்ததால் அது விறுவிறுப்பாக ஓடியது.

ஈ.சி.யு.வை நானே டியூன் செய்யலாமா? எந்த வரிசையில்?

செய்யலாம், அவசரப்படாவிட்டால். முதலில் இருக்கும் மேப்பைப் படித்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். அடுத்து டைமிங் லைட்டால், ஈ.சி.யு. காட்டும் இக்னிஷன் கோணமும் (பொறி வரும் நேரத்தைக் குறிப்பது) கிராங்க் புல்லியில் உண்மையில் தெரியும் கோணமும் ஒன்றுதானா என்று பாருங்கள். இவை வேறுபட்டால் பின்னால் எழுதும் ஒவ்வோர் எண்ணும் பொய்யாகும். அதன்பின் ஐடில், சீரான வேகத்தில் செல்லும் பகுதி, முழு ஆக்சிலரேட்டர் என்ற வரிசையில் பெட்ரோல், இறுதியாக இக்னிஷன். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே.

தொடங்குவதற்கு முன், ஈ.சி.யு. தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவான ஃப்யூவல் ட்ரிம்மைப் பாருங்கள். ஐடிலில் அது அதிகமாகக் கூட்டிக்கொடுத்து, ஆர்.பி.எம். ஏறியதும் இயல்புக்கு வந்தால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கிறது. சுமை ஏற ஏறக் கூடுகிறதென்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது ஏர்ஃப்ளோ சென்சார். இந்தக் கோளாறுகளை மேப்பால் ஈடுசெய்வது, முதல் பதிலில் சொன்ன மறைப்பு வேலையைத் திரும்பச் செய்வதாகும்.

லாம்டா எவ்வளவு இருக்க வேண்டும்? இக்னிஷனை எவ்வளவு முன்தள்ளலாம்?

லாம்டா என்பது உள்ளே போகும் காற்றின் அளவை, பெட்ரோல் முழுதும் எரியத் தேவையான காற்றின் அளவால் வகுத்த எண். சீரான ஓட்டத்தில் 1.0. முழு ஆக்சிலரேட்டரில், டர்போ இல்லாத என்ஜினுக்கு 0.86 முதல் 0.90 வரை தொடங்குவதற்குப் பாதுகாப்பான அளவு. காற்று-பெட்ரோல் விகிதமாக 14.7 என்று கூறுவது தூய பெட்ரோலுக்கு மட்டுமே பொருந்தும். 10 விழுக்காடு எத்தனால் கலந்தால் அது ஏறத்தாழ 14.1 ஆகிவிடும். ஆகவே லாம்டாவிலேயே சிந்திப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். இதற்கு வைட்பேண்ட் சென்சார் தேவை. பழைய கார்களில் பொதுவாக உள்ள நேரோபேண்ட் சென்சார் 1.0க்கு இப்பாலா அப்பாலா என்று மட்டுமே சொல்லும்.

இக்னிஷனைச் சிறிது சிறிதாக முன்தள்ளுங்கள். டார்க் கூடுவது நின்றதும் நீங்களும் நின்றுவிடுங்கள். அதற்கு மேல் தள்ளுவதால் வெப்பமும் அழுத்தமும் மட்டுமே மிஞ்சும். அந்த இடத்தை எட்டுவதற்கு முன்பே நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எழும் தட்டல்) தொடங்கினால் இரண்டு மூன்று பாகை பின்வாங்குங்கள். வெயில் மிகுந்த நாளும் தரம் குறைந்த பெட்ரோலும் ஒருசேர வரும் என்று எண்ணியே இறுதி எண்ணை எழுத வேண்டும்.

இதே என்ஜினில் டர்போ மாட்டலாமா?

0.5 பார் அழுத்தம் கொடுத்தால், வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாமல் பார்க்கையில், ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது. அதே அளவில் பெட்ரோலும் வேண்டும். இன்ஜெக்டர் ஏற்கெனவே 85 விழுக்காடு நேரத்துக்கு மேல் திறந்திருக்கிறதென்றால் அதற்கு இடமில்லை. ரிங் இடைவெளி, கம்ப்ரெஷன் விகிதம், க்ளட்ச், குளிர்விப்பு, டர்போவிலிருந்து ஆயில் தானாக இறங்கிவரும் குழாய் ஆகிய அனைத்தும் மாற வேண்டும். முன்வீலால் இழுக்கும் காரில், இரு டிரைவ்ஷாஃப்ட்டும் நீளத்தில் வேறுபட்டால் ஸ்டீயரிங்கும் பக்கவாட்டில் இழுக்கும். முதல் முறை கட்டுபவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த என்ஜினைத் தேடுவது மேல்.

மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். அறிவிக்காத மாற்றம் இழப்பீடு மறுக்கப்படுவதற்குக் காரணமாகலாம். எந்த மாற்றத்துக்கு முன் அனுமதி தேவை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், பாகம் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

பதிவில் எல்லா எண்களும் சரியாக இருக்கின்றன. ஆனால் ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டதும் கார் உலுக்குகிறது. என்ன செய்வது?

டியூன் செய்தவர்களைப் பெரிதும் வாட்டும் கோளாறு இது. மூன்றாம் கியரில் ஒரே வேகத்தில் சென்று, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மெல்ல மிதித்து, அந்த ஒரு கணத்தை மட்டும் அடர்த்தியாகப் பதிவு செய்யுங்கள். மிதித்த கணத்தில் லாம்டா 1.1ஐத் தாண்டினால், அந்த நேரத்துக்கான கூடுதல் பெட்ரோல் போதவில்லை. லாம்டா ஏறியிறங்கி ஊசலாடினால், சென்சாரைப் பார்த்து ஈ.சி.யு. செய்யும் திருத்தம் அளவுக்கு மீறிய வேகத்தில் நடக்கிறது. பெரிய இன்ஜெக்டர் மாட்டியிருந்தால், அது திறக்க எடுக்கும் தாமத நேரத்தைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிசெகண்டே திறக்கும் நிலையில் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும்.

இவற்றுள் எதுவுமின்றி லாம்டா அமைதியாக இருக்கும்போதே கார் உலுக்கினால் மேப்பை மூடிவைத்துவிட்டு, என்ஜின் மவுண்ட்டுகளையும் டிரைவ்ஷாஃப்ட்டுகளையும் பாருங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்தபடி முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் க்ளட்ச்சைச் சிறிதளவு விடும்போது, என்ஜின் எவ்வளவு புரள்கிறது என்பதைப் பக்கவாட்டில் நிற்கும் இன்னொருவர் திறந்த பானட் வழியே பார்த்துச் சொல்லட்டும்; காரின் நேர் முன்னாலோ பின்னாலோ எவரும் நிற்கக் கூடாது.